ஆணையை மீறிய ராட்சத ரோபோ: இறுதி அத்தியாயங்கள் நேயர்களை உலுக்குவது ஏன்?

ஆர்.கே.புரம் (டெல்லி): ராட்சத இயந்திர மனிதர்களை நாயகர்களாகக் கொண்ட ஜப்பானியத் தொடர்கள் சிறுவர்களுக்கான பொழுதுபோக்கு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆனால், அவற்றின் இறுதி அத்தியாயங்கள் எழுப்பிய எதிர்வினைகள் சிறுவர் உலகத்தைத் தாண்டிச் சென்றுள்ளன. ஒரு நாட்டில் இறுதி அத்தியாயங்களை அரசே தடை செய்தது. மற்றொரு நாட்டில் ரசிகர்களின் கோபம் இயக்குநரை நோக்கிக் கொலை மிரட்டலாகப் பாய்ந்தது. இந்தியாவில் 1980-களில் தூர்தர்ஷன் முன் அமர்ந்திருந்த ஒரு தலைமுறைச் சிறுவர்கள் இரும்பு பொம்மை ஒன்றுக்காகக் கண்ணீர் விட்டனர்.

அனிமே எனப்படும் ஜப்பானிய உயிரோவியத் தொடர்கள் தற்போது தமிழ் மொழிமாற்றத்துடனேயே கிடைக்கத் தொடங்கிவிட்டன. இந்நிலையில், ஒரு கதையின் முடிவு நேயர்களை இத்தனை ஆழமாகப் பாதிப்பது ஏன், அம்முடிவின் மீது அவர்களுக்கு உரிமை ஏதும் உண்டா ஆகிய கேள்விகளை இத்தொகுப்பு விளக்குகிறது.

தூர்தர்ஷன் தந்த 'ஜெயண்ட் ரோபோ'

டெல்லியின் தென்மேற்கில் உள்ள ஆர்.கே.புரம், மத்திய அரசு ஊழியர்களுக்காக உருவாக்கப்பட்ட குடியிருப்புப் பகுதியாகும். தில்லித் தமிழ்ச் சங்கம், மலை மந்திர் என அழைக்கப்படும் உத்தர சுவாமிமலைக் கோயில், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஆகியன அமைந்துள்ளதால், தலைநகரத் தமிழர்களின் முக்கிய மையங்களில் ஒன்றாகவும் இது விளங்குகிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் என மும்மொழிச் சூழலில் வளர்ந்த அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அக்காலத்தில் வாய்த்த ஒரே தொலைக்காட்சி தூர்தர்ஷன் மட்டுமே.

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி டெல்லியில்தான் தொடங்கியது. 1982-ஆம் ஆண்டில் தேசிய ஒளிபரப்பும் வண்ண ஒளிபரப்பும் நடைமுறைக்கு வந்தன. அதே ஆண்டு நவம்பரில் டெல்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகள் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தன. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய வெளிநாட்டுத் தொடர்களில் ஒன்றுதான் 'ஜெயண்ட் ரோபோ'.

'ஜானி சாக்கோ அண்ட் ஹிஸ் ஃப்ளையிங் ரோபோ' என்பது அதன் ஆங்கிலப் பதிப்பின் பெயர். ஜப்பானில் டோய் நிறுவனம் தயாரித்த இத்தொடர் 1967 அக்டோபர் முதல் 1968 ஏப்ரல் வரை 26 அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. மூலக்கதையை உருவாக்கியவர் மிட்சுதெரு யோகோயாமா. 1956-ஆம் ஆண்டில் 'டெட்சுஜின் 28' என்ற படக்கதையைத் தொடங்கி, ராட்சத ரோபோ கதைகளுக்கு அடித்தளமிட்ட ஓவியர் இவரே.

இத்தொடர் வரையப்பட்ட அனிமே அன்று. ரோபோ உடையணிந்த நடிகர், சிறிய அளவில் செய்யப்பட்ட கட்டட மாதிரிகள், வெடிப்புக் காட்சிகள் ஆகியவற்றைக் கொண்டு படமாக்கப்பட்டது. எனினும் பிற்கால ரோபோ அனிமேக்களின் முக்கியக் கூறுகள் பல இதில் இடம்பெற்றிருந்தன: ஒரு சிறுவன், அவனுக்குக் கட்டுப்படும் மாபெரும் இயந்திரம், பூமியைக் கைப்பற்ற வரும் எதிரி.

கதை எவ்வாறு முடிந்தது?

கடற்பயணத்தின்போது தாக்குதலுக்கு உள்ளாகும் சிறுவன் ஜானி, எதிரிகளின் தீவில் கரையொதுங்குகிறான். அங்கு உருவாக்கப்பட்டிருந்த ராட்சத ரோபோ, கைக்கடிகாரம் போன்ற கருவியில் முதலில் குரல் பதிவு செய்பவரின் ஆணைக்கு மட்டுமே கட்டுப்படும் வகையில் வடிவமைக்கப்பட்டிருந்தது. தற்செயலாக ஜானியின் குரலே அதில் பதிவாகிறது. அதன் பிறகு அவன் சொன்னால் ரோபோ பறக்கும். அவன் சொன்னால் போரிடும். அவன் சொன்னால் நிற்கும். யூனிகார்ன் என்ற பாதுகாப்பு அமைப்பில் இணையும் சிறுவன், வேற்றுக்கிரகப் பேரரசன் கில்லட்டின் அனுப்பும் விதவிதமான அரக்கர்களை ரோபோவின் துணையுடன் எதிர்கொள்கிறான்.

இறுதி அத்தியாயத்தில் கில்லட்டினே நேரடியாகக் களத்தில் இறங்குகிறான். அவனைத் தாக்கினால் ஏற்படும் வெடிப்பில் பூமியே அழிந்துவிடும் என்ற நிலையில், மனிதர்கள் செய்வதறியாது நிற்கின்றனர். அப்போது ரோபோ தானாகவே செயல்படத் தொடங்குகிறது. கில்லட்டினைப் பற்றிக்கொண்டு விண்வெளியை நோக்கிப் பறக்கிறது. திரும்பி வருமாறு ஜானி கடிகாரத்தில் கதறுகிறான். ரோபோ திரும்பவில்லை. விண்கல் ஒன்றின் மீது மோதி, எதிரியுடன் சேர்ந்து தானும் அழிகிறது.

அன்றைய இந்தியச் சிறுவர்களுக்கு இந்த முடிவு பேரதிர்ச்சியாக அமைந்தது. தற்போது நடுவயதை எட்டிவிட்ட அத்தலைமுறையினரிடம் இத்தொடரைப் பற்றிக் கேட்டால், பலரும் அரக்கர்களின் பெயர்களை மறந்திருப்பர். ஆனால் ரோபோ வானில் மறைந்த காட்சியை மறந்திருக்க மாட்டார்கள்.

கண்ணீருக்கு என்ன காரணம்?

ரோபோவுக்கு முகபாவம் கிடையாது. அது பேசுவதும் இல்லை. இருந்தும் அதன் அழிவு ஒரு நண்பனின் மரணமாக உணரப்பட்டதற்குக் கதையின் அமைப்பே காரணம் எனலாம். தொடர் முழுவதும் ரோபோவுக்கு விதிக்கப்பட்ட ஒரே சட்டம், சிறுவனின் குரலுக்குக் கீழ்ப்படிவது. வாரந்தோறும் நேயர்கள் பார்த்துப் பழகிய விதியும் அதுவே. முதல் முறையாக அந்த விதி மீறப்படும் கணத்தில், அதற்கென்று ஒரு மனம் இருந்திருக்கிறது என்பது தெரியவருகிறது. தெரியவரும் அதே கணத்தில் அது இல்லாமலும் போகிறது.

பெரியவர்களின் ஆணைகளுக்குக் கட்டுப்பட்டே வாழும் சிறுவர்களுக்கு, தங்களில் ஒருவன் சொல்வதைக் கேட்கும் மாபெரும் இயந்திரம் என்பது எளிதில் கைவிட முடியாத கனவாகும். அந்தக் கனவு 'திரும்பி வா' என்ற ஒற்றை ஆணையைக் கேட்க மறுத்து முடிவடைந்தது. ஜப்பானிய மூலமோ ஆங்கில வசனமோ முழுமையாகப் புரியாத குழந்தைக்கும் இந்தக் காட்சி புரிந்தது. அதற்கு மொழி தேவைப்படவில்லை.

ஊடக ஆய்வாளர்கள் இத்தகைய பிணைப்புக்கு நெடுங்காலத்துக்கு முன்பே பெயர் சூட்டியுள்ளனர். திரையில் தோன்றும் ஒருவருடன் நேயர்கள் ஒருதலையாக வளர்த்துக்கொள்ளும் நெருக்கத்தை டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-ஆம் ஆண்டில் விவரித்தனர். குறிப்பிட்ட நேரத்தில் தவறாமல் வீட்டுக்கு வரும் பாத்திரம் நாளடைவில் உறவினரைப் போல ஆகிவிடுகிறது. தொடர் முடியும்போது அந்த உறவும் முறிகிறது. வாரம் ஒருமுறை மட்டுமே காணக் கிடைத்த, நினைத்த நேரத்தில் திரும்பப் பார்க்க இயலாத தூர்தர்ஷன் காலத்தில் இந்தப் பிரிவு மேலும் கடுமையாக இருந்ததில் வியப்பில்லை.

முடிவைத் தடை செய்த அரசு

இறுதி அத்தியாயத்தைப் பார்த்து அழுத குழந்தைகள் இந்தியாவில் இருந்தனர் என்றால், பார்க்கவே விடாமல் தடுக்கப்பட்ட குழந்தைகள் பிலிப்பைன்ஸில் இருந்தனர்.

டடாவோ நாகஹாமா இயக்கிய 'வோல்டஸ் ஃபைவ்' என்ற அனிமே 1977 ஜூன் முதல் 1978 மார்ச் வரை ஜப்பானில் 40 அத்தியாயங்களாக வெளியானது. பின்னர் பிலிப்பைன்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, அந்நாட்டுச் சிறுவர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. கொம்புள்ளவர்கள் உயர்குடியினராகவும் கொம்பற்றவர்கள் அடிமைகளாகவும் நடத்தப்படும் போவாசன் என்ற கிரகத்தின் படையெடுப்பே இதன் கதைக்களம். கதையின் இறுதியில் அக்கிரகத்தின் ஒடுக்கப்பட்ட மக்கள் கிளர்ந்தெழுந்து கொடுங்கோல் ஆட்சியை வீழ்த்துகின்றனர்.

அப்போது பிலிப்பைன்ஸில் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸின் ராணுவச் சட்ட ஆட்சி நடைபெற்று வந்தது. 1979 ஆகஸ்ட் மாதத்தில், இறுதி நான்கு அத்தியாயங்கள் எஞ்சியிருந்த நிலையில், 'வோல்டஸ் ஃபைவ்' உள்ளிட்ட ரோபோ தொடர்களுக்கு மார்கோஸ் அரசு தடை விதித்தது. வன்முறைக் காட்சிகள் குழந்தைகளைப் பாதிக்கும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். மக்கள் எழுச்சியைச் சித்திரிக்கும் முடிவு ஆட்சியாளர்களுக்கு உவப்பாக இருக்கவில்லை என்பதே உண்மைக் காரணம் எனப் பலரும் நம்பினர்.

1986 பிப்ரவரியில் மக்கள் போராட்டத்தால் மார்கோஸ் ஆட்சி வீழ்ந்த பிறகே அத்தொடர் மீண்டும் திரைக்கு வந்தது. இறுதி அத்தியாயங்கள் 1999-ஆம் ஆண்டில் திரையரங்குகளிலும் வெளியிடப்பட்டன. சிறுவர்களாக இருந்தபோது மறுக்கப்பட்ட முடிவை, வளர்ந்த பின் அத்தலைமுறையினர் பெரிய திரையில் கண்டனர். 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஜிஎம்ஏ தொலைக்காட்சி இக்கதையை நடிகர்களைக் கொண்டு 'வோல்டஸ் ஃபைவ்: லெகசி' என்ற பெயரில் புதிய தொடராகத் தயாரித்து ஒளிபரப்பியது குறிப்பிடத்தக்கது.

இயக்குநர் மீது பாய்ந்த கோபம்

ரோபோ தொடர்களின் வரலாற்றில் மிக அதிகமான விவாதத்தை எழுப்பிய முடிவு 'நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்' தொடருடையதாகும். ஹிடெயாகி அன்னோ இயக்கிய இத்தொடர் 1995 அக்டோபர் 4 முதல் 1996 மார்ச் 27 வரை 26 அத்தியாயங்களாக ஜப்பானில் ஒளிபரப்பானது. பிரமாண்டமான இயந்திரத்தை இயக்குமாறு தந்தையால் கட்டாயப்படுத்தப்படும் 14 வயதுச் சிறுவன் ஷின்ஜியே இதன் நாயகன். அவனுக்கு ரோபோ கனவு அன்று, சுமை.

பூமியின் முடிவை நோக்கிக் கதை விரைந்துகொண்டிருந்த வேளையில், இறுதி இரண்டு அத்தியாயங்கள் போர்க்களத்தை முற்றிலும் கைவிட்டன. அசையாச் சித்திரங்கள், எழுத்துகள், கேள்விகள் ஆகியவற்றின் வழியே ஷின்ஜியின் மனத்துக்குள் நடக்கும் விசாரணையாகவே அவை அமைந்தன. தன்னைத் தானே ஏற்றுக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு அவன் வந்ததும், பிற பாத்திரங்கள் சூழ்ந்து நின்று கைதட்டி வாழ்த்துகின்றனர். அத்துடன் தொடர் நிறைவடைகிறது.

போர் என்ன ஆனது, உலகம் என்ன ஆனது என்பதற்கு விடை கிடைக்காத ரசிகர்கள் பலர் கொதித்தெழுந்தனர். தயாரிப்பில் ஏற்பட்ட நேர நெருக்கடியே இதற்குக் காரணம் என்றனர் ஒரு சாரார். இதுவே கதையின் உண்மையான முடிவு என்று மற்றொரு சாரார் வாதிட்டனர். இயக்குநருக்குப் பாராட்டுக் கடிதங்களுடன் கொலை மிரட்டல்களும் வந்தன.

1997 ஜூலை 19-ஆம் தேதி வெளியான 'தி எண்ட் ஆஃப் இவாஞ்சலியன்' திரைப்படம் மாற்று முடிவை வழங்கியது. ரசிகர்கள் எதிர்பார்த்த போரும் பேரழிவும் அதில் இருந்தன. ஆனால் ஆறுதல் இல்லை. ரசிகர்கள் அனுப்பிய கடுமையான செய்திகளின் படங்களும், திரையரங்க இருக்கைகளில் அமர்ந்திருக்கும் பார்வையாளர்களின் காட்சியும் படத்துக்குள்ளேயே இடம்பெற்றன. கேட்டதைக் கொடுத்த இயக்குநர், கேட்டவர்களையும் திரையில் காட்டினார்.

கதை அங்கும் நிற்கவில்லை. 2007-இல் தொடங்கிய புதிய திரைப்பட வரிசையின் நான்காவதும் இறுதியுமான படம், கொரோனா பெருந்தொற்றால் இருமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2021 மார்ச் 8-ஆம் தேதி ஜப்பானில் வெளியானது. ரோபோக்களே தேவைப்படாத உலகத்தை ஷின்ஜி தேர்ந்தெடுப்பதுடன் அப்படம் நிறைவடைகிறது. அதன் இறுதிக் காட்சி இயக்குநர் அன்னோவின் சொந்த ஊரான உபேயில் உள்ள ரயில் நிலையத்தில் அமைக்கப்பட்டுள்ளது. ஜப்பானில் 1,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்த இப்படம், அதே ஆண்டு ஆகஸ்ட் 13 முதல் அமேசான் பிரைம் வீடியோ தளத்தில் இந்தியா உள்ளிட்ட நாடுகளில் வெளியானது. 1996-இல் கோபத்துடன் எழுந்து சென்ற ரசிகர்கள் பலர், 25 ஆண்டுகளுக்குப் பின் மனநிறைவுடன் விடைபெற்றனர்.

தோல்வியில் முடிந்து வெற்றியான தொடர்

நேயர்களின் எதிர்வினை எப்போதும் உடனடியாக வெளிப்படுவதும் இல்லை. யோஷியுகி டோமினோ இயக்கிய 'மொபைல் சூட் கண்டம்' 1979 ஏப்ரலில் தொடங்கியபோது போதிய வரவேற்பைப் பெறவில்லை. 52 அத்தியாயங்களாகத் திட்டமிடப்பட்ட தொடர் 43-வது அத்தியாயத்துடன் 1980 ஜனவரியில் முடித்துக்கொள்ளப்பட்டது.

அதன் முடிவில் நாயகனின் ரோபோ சிதைந்து போகிறது. அதிலிருந்து தப்பும் இளைஞன், தனக்காகக் காத்திருக்கும் நண்பர்களிடம் திரும்பிச் செல்கிறான். வெற்றி முழக்கத்தைக் காட்டிலும், திரும்பிச் செல்ல ஓர் இடம் இருக்கிறது என்ற நிம்மதியே அதில் மேலோங்கி நிற்கிறது. மறுஒளிபரப்புகளாலும், 1980-இல் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்டிக் மாதிரி பொம்மைகளாலும் ரசிகர்கள் பெருகினர். அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடர் மூன்று திரைப்படங்களாகத் தொகுக்கப்பட்டு வெற்றி பெற்றது. பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு தொடர், இவ்வகைக் கதைகளிலேயே மிகப் பெரிய வணிக முத்திரையாக வளர்ந்ததற்கு நேயர்களே காரணம்.

இந்தியாவில் முடிவை நீட்டிக்கச் செய்த கோரிக்கை

ஒரு தொடரின் முடிவை ஏற்க மறுத்து நேயர்கள் குரல் எழுப்புவது ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடர் 1988-இல் தூர்தர்ஷனில் நிறைவடைந்தபோது, உத்தர காண்டம் இடம்பெறாததை எதிர்த்து வட இந்தியாவில் துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். வால்மீகியைத் தங்கள் குலகுருவாகப் போற்றும் அம்மக்களுக்கு, வால்மீகி முனிவர் நேரடியாக இடம்பெறும் உத்தர காண்டம் விடுபட்டது தங்களையே விலக்கியதாகப்பட்டது. அதன் பின்னர் 'உத்தர ராமாயண்' தனித் தொடராகத் தயாரிக்கப்பட்டு ஒளிபரப்பானது.

புராணத்தையும் ரோபோ கதையையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. எனினும் இரண்டு நிகழ்வுகளும் ஓர் உண்மையைச் சுட்டுகின்றன. முடிவு என்பது கதையின் பொருளைத் தீர்மானிக்கும் இடம். அங்கு யார் இருக்கிறார்கள், யார் விடுபடுகிறார்கள், யார் தியாகம் செய்கிறார்கள் என்பதை நேயர்கள் தங்கள் வாழ்வுடன் பொருத்திப் பார்க்கின்றனர்.

முடிவு யாருக்குச் சொந்தம்?

இந்த நிகழ்வுகளை ஒப்பிடும்போது நான்கு வகையான எதிர்வினைகள் தெளிவாகின்றன. 'ஜெயண்ட் ரோபோ' விட்டுச் சென்றது துயரம். 'வோல்டஸ் ஃபைவ்' விட்டுச் சென்றது பறிக்கப்பட்ட உணர்வு. 'இவாஞ்சலியன்' எழுப்பியது ஏமாற்றமும் கோபமும். 'கண்டம்' பெற்றது தாமதமாக வந்த அன்பு.

இவற்றுள் துயரமும் ஏமாற்றமும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். துயரம் கொண்ட நேயர், கதை சரியாகவே முடிந்தது என்பதை ஏற்றுக்கொள்கிறார். இழப்பை மட்டுமே உணர்கிறார். ஏமாற்றம் கொண்ட நேயரோ, தமக்குத் தரப்பட்ட வாக்குறுதி மீறப்பட்டதாகக் கருதுகிறார். 26 வாரங்களாக எழுப்பப்பட்ட கேள்விகளுக்கு விடை கோருவது நியாயமான எதிர்பார்ப்பே. ஆனால் அந்த விடை தாம் விரும்பியபடியே அமைய வேண்டும் என வற்புறுத்துவதும், படைப்பாளியை மிரட்டுவதும் விமர்சனம் ஆகாது.

மறுபுறம், நேயர்களின் குரலைக் காரணம் காட்டி அரசு ஒன்று முடிவையே மறைப்பதற்கும் பிலிப்பைன்ஸ் சான்றாக உள்ளது. பிடிக்காத முடிவைக் காட்டிலும் காட்டப்படாத முடிவே நீண்ட காலம் உறுத்துகிறது என்பதை அந்நாட்டு அனுபவம் உணர்த்துகிறது.

இன்றைய தலைமுறையும் பெற்றோரும்

தூர்தர்ஷன் காலத்துச் சிறுவர்களின் பிள்ளைகள் இன்று கைபேசியில் அனிமே பார்க்கின்றனர். டோரேமான், ஷின்-சான் போன்ற தொடர்கள் தமிழில் பேசத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 'இவாஞ்சலியன்' தொடர் 2019 ஜூன் 21 முதல் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் கிடைத்தது. அண்மைக் காலத்தில் கிரஞ்சிரோல் தளம் 'சோலோ லெவலிங்' போன்ற தொடர்களைத் தமிழ் மொழிமாற்றத்துடன் வழங்கி வருகிறது. 2025 செப்டம்பர் 12-ஆம் தேதி இந்தியத் திரையரங்குகளில் வெளியான 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' திரைப்படம் தமிழிலும் திரையிடப்பட்டது.

காணும் முறை மாறியுள்ளதால் எதிர்வினையும் மாறியுள்ளது. அன்று அரை ஆண்டுக் காலம் நீடித்த 26 அத்தியாயங்களை இன்று ஒரு வார இறுதியிலேயே பார்த்து முடித்துவிடலாம். முடிவைப் பற்றிய செய்திகள், பார்ப்பதற்கு முன்பே சமூக ஊடகங்கள் வழியே வந்து சேர்கின்றன. வானில் மறைந்த ரோபோவை எண்ணி அடுத்த வாரம் முழுவதும் வருந்திக் காத்திருக்கும் அவகாசம் இன்றைய சிறுவர்களுக்குக் கிடைப்பதில்லை. தானியங்கி முறையில் அடுத்த தொடர் தொடங்கிவிடுகிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. வரையப்பட்ட படம் என்பதாலேயே ஒரு தொடர் குழந்தைகளுக்கானது என்று முடிவு செய்யக் கூடாது. 'இவாஞ்சலியன்' போன்ற படைப்புகள் மனச்சோர்வு, வன்முறை, பாலியல் தொடர்பான காட்சிகளைக் கொண்டவை. தளங்கள் குறிப்பிடும் வயது வரம்பைப் பார்த்த பின்னரே அனுமதிப்பது நல்லது. கதையின் முடிவில் குழந்தை அழுதால், 'வெறும் பொம்மைதானே' என்று ஒதுக்குவதைக் காட்டிலும், ஏன் அழுகிறாய் என்று கேட்பது பயன்தரும். தாத்தா பாட்டியின் மறைவையோ, ஊர் மாற்றலால் நண்பரைப் பிரிவதையோ எதிர்கொள்ளும் முன்பு, இழப்பு என்றால் என்ன என்பதை ஒரு குழந்தை பாதுகாப்பாகப் பழகிக்கொள்ளும் இடமாகக் கதை அமையக்கூடும்.

பணியிட மாற்றல் வந்தால் வீட்டையும் பள்ளியையும் நண்பர்களையும் ஒருசேர விட்டுச் செல்ல வேண்டிய அரசுக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. எத்தனை முறை கடிகாரத்தில் அழைத்தாலும் திரும்பி வராத நண்பனை அவர்கள் முதலில் சந்தித்தது தூர்தர்ஷன் திரையில்தான்.